மலைப்பாதைக்கு ஒரு மிதிவண்டிப் படை: 1896ஆம் ஆண்டின் ஆயத்தம்

25ஆவது காலாட்படை மிதிவண்டிப் பிரிவு என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தரைப்படையில் 1896, 1897 ஆகிய ஆண்டுகளில் இயங்கிய சிறு சோதனைப் பிரிவு ஆகும். மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையில் பணியாற்றிய கறுப்பின வீரர்களைக் கொண்டு இது அமைக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டு கோடையில் இப்பிரிவினர் மிசூலாவிலிருந்து மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயி நகரம் வரை சுமார் 1,900 மைல் (ஏறத்தாழ 3,060 கி.மீ.) தொலைவை 41 நாள்களில் மிதிவண்டியில் கடந்தனர். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த நெடும்பயணத்தையே பேசுகின்றன. அதற்கு முந்திய கோடையில் எட்டு வீரர்கள் பெற்ற பயிற்சியும், மலைகளுக்குள் அவர்கள் சென்றுவந்த இரண்டு பயணங்களும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 1897ஆம் ஆண்டில் எது வெற்றி பெற்றது, எது தவறியது என்ற இரண்டுக்கும் விடை அந்த 1896ஆம் ஆண்டில்தான் இருக்கிறது.

"மலை மிதிவண்டி" என்ற பெயர் அப்போது கிடையாது. கரடுமுரடான தடங்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் 1970களில்தான் கலிபோர்னியாவின் மாரின் பகுதியில் உருவாயின. ஆனால் சுமையைக் கட்டிக்கொண்டு, சாலையற்ற மலையில், நாள் கணக்கில் மிதிவண்டி ஓட்டுவது என்ற செயல் அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன்பே முறையான பயிற்சியுடன் நடந்திருக்கிறது.

பின்னணி

1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டி, முன்சக்கரம் பெரிதும் பின்சக்கரம் சிறிதுமாக இருந்த பழைய மிதிவண்டியின் காலத்தை முடித்துவைத்தது. ஒரே அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட அந்த வடிவமே இன்றும் தொடர்கிறது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் மிதிவண்டி மோகம் உச்சத்தை எட்டியது. ஐரோப்பியப் படைகள் பல அதற்குள் தூதுப் பணிக்கு மிதிவண்டியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதி நெல்சன் மைல்ஸும் இதில் ஆர்வம் கொண்டிருந்தார்.

ஐரோப்பாவில் இருந்த கெட்டிப்படுத்தப்பட்ட சாலைகள் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இல்லை. மொன்டானாவில் 1883க்குள் இருப்புப்பாதை வந்துவிட்டது. ஆனால் சாலை என்று சொல்லப்பட்டவை குதிரைவண்டிகளின் சக்கரத் தடங்களே. மழையில் அவை சேறாகும். வெயிலில் இறுகிக் கல்போல் மேடுபள்ளமாகும். குதிரைக்கு மாற்றாக மிதிவண்டி பயன்படுமா என்பதைச் சோதிக்க இதைவிடக் கடினமான இடம் கிடைப்பது அரிது. சோதனைக்கு முன்வந்தவர் ஜேம்ஸ் ஏ. மாஸ் என்ற இளம் லெப்டினன்ட். லூசியானாவைச் சேர்ந்த இவர் வெஸ்ட் பாயின்ட் படைத்துறைக் கல்லூரியில் 1894ஆம் ஆண்டு வகுப்பில் கடைசி இடம் பெற்றுத் தேறியவர். கறுப்பினப் படைகளில் பணியாற்ற வெள்ளை அதிகாரிகள் பலர் விரும்பாத காலம் அது. கடைசி இடம் பெற்றவருக்கு அத்தகைய இடம் கிடைத்ததில் வியப்பில்லை. கிடைத்த இடத்தில் அவர் செய்ய நினைத்ததுதான் புதிது.

மாஸின் வாதம் எளிமையானது. மிதிவண்டிக்குத் தீவனம் வேண்டாம், தண்ணீர் காட்ட வேண்டாம், அது கனைக்காது, ஓரளவு நல்ல பாதையில் குதிரையைவிட விரைந்து செல்லும், தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் எளிதில் படாது. 1896ஆம் ஆண்டு மே மாதத்தில் அனுமதி கிடைத்தது. வண்டிகளை வாங்கப் படையிடம் பணம் ஒதுக்கப்படவில்லை. ஸ்பால்டிங் நிறுவனம் தன் வண்டிகளை இரவலாகக் கொடுத்தது. படைக்குச் சோதனை, நிறுவனத்துக்கு விளம்பரம். இரு தரப்புக்கும் இழப்பில்லை.

எட்டுப் பேரின் பயிற்சி

25ஆவது காலாட்படை 1888 முதல் மொன்டானாவில் இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்கப் படையில் கறுப்பினத்தவருக்கென அமைக்கப்பட்ட நான்கு படைப்பிரிவுகளுள் இதுவும் ஒன்று. வீரர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அதிகாரிகள் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். இவர்களிலிருந்து எட்டுப் பேரைக் கொண்டு 1896 ஜூலையில் பிரிவு தொடங்கப்பட்டது. அவர்களுள் ஜான் ஃபிண்ட்லி என்பவர் படையில் சேர்வதற்கு முன் சிகாகோவில் மிதிவண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பழுது பார்க்கும் பொறுப்பு இயல்பாகவே அவரிடம் வந்தது. பஞ்சர் ஒட்டுவதற்கும், வளைந்த பெடலை நிமிர்த்துவதற்கும், அறுந்த சங்கிலியை இணைப்பதற்கும் பட்டறை கிடைக்காத நிலப்பரப்பில், இந்த ஒருவரின் கைப்பழக்கம் மற்ற ஏழு பேரின் கால் வலுவுக்கு ஈடானது.

பயிற்சி ஒவ்வொரு நாளும் நடந்தது. நாளொன்றுக்கு 15 முதல் 40 மைல் வரை (24 முதல் 64 கி.மீ.) சவாரி செய்தனர். தூரம் மட்டும் போதாது என்பதை மாஸ் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். அணிவகுத்து ஓட்டுதல், கட்டளை கேட்டதும் ஒருசேர ஏறி இறங்குதல், ஓடைகளில் வண்டியுடன் இறங்கிக் கடத்தல் ஆகியவையும் கற்றுத்தரப்பட்டன. ஒன்பது அடி உயர வேலியைத் தாண்டும் பயிற்சி இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஒருவர் ஏறி நிற்க, மற்றவர் கீழிருந்து வண்டியைத் தூக்கிக் கொடுக்க, மறுபுறம் அதை இறக்கிவிட வேண்டும். முழுப் பிரிவும் 20 விநாடியில் வேலியின் மறுபக்கம் நிற்கும் அளவுக்கு அவர்கள் தேர்ந்தனர்.

இன்றைய நெடுந்தூரப் பயணிகள் உடல் வலுவைப் பற்றியே அதிகம் கவலைப்படுவதுண்டு. மிசூலாவில் நடந்த பயிற்சியில் பாதி, வண்டியிலிருந்து இறங்கிய பின் செய்ய வேண்டியவற்றுக்கானது. மலைத்தடத்தில் மிதிவண்டி மனிதனைச் சுமக்கும் நேரமும் உண்டு. மனிதன் மிதிவண்டியைச் சுமக்கும் நேரமும் உண்டு.

வண்டியும் சுமையும்

அக்கால வண்டிக்குப் பல கியர்கள் கிடையாது. ஏற்றத்துக்கும் சமவெளிக்கும் ஒரே கியர்தான். சக்கரம் சுழலும்போது பெடலும் கூடவே சுழலும். காலை ஓய்வாக வைத்துக்கொண்டு இறக்கத்தில் உருண்டு செல்லும் வசதி பரவலாக வந்தது 1898க்குப் பிறகே. செங்குத்தான இறக்கத்தில் பெடலின் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காவிட்டால் வீரர் தூக்கியெறியப்படுவார். ஆகவே ஏற்றத்தைப் போலவே இறக்கமும் உழைப்பாக இருந்தது. பெரும்பாலான அமெரிக்க வண்டிகளின் ரிம்கள் மரத்தால் ஆனவை.

சுமையைக் கட்டும் முறையில் மாஸும் வீரர்களும் கண்ட தீர்வு இன்றும் வியக்க வைக்கிறது. போர்வை, கூடாரத்துணி, மாற்று உள்ளாடை, காலுறை முதலியவற்றைச் சுருட்டி ஹேண்டில்பாரின் முன்னால் கட்டினர். வண்டிச் சட்டத்தின் நடுவே உள்ள இடைவெளிக்குள் பொருந்தும்படி செய்த கெட்டித் தோல் பெட்டியில் உணவுப் பொருள்களை வைத்தனர். கனமான பொருள் தாழ்வாகவும் நடுவிலும் இருந்தால் வண்டி தடுமாறாது. இன்று மலைப்பாதைப் பயணத்துக்கென விற்கப்படும் பைகளும் சட்டத்துக்குள்ளும் ஹேண்டில்பாரிலும்தான் பொருத்தப்படுகின்றன.

கூடாரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீரரும் பாதிக் கூடாரத்தை மட்டுமே சுமந்தார். இருவர் தங்கள் துணிகளைப் பொத்தானிட்டு இணைத்தால்தான் ஒரு கூடாரம் ஆகும். இது காலாட்படையில் ஏற்கெனவே இருந்த வழக்கம். மிதிவண்டிப் பயணத்தில் இதற்குப் புதிய பொருள் வந்தது. ஒருவர் பஞ்சராகிப் பத்து மைல் பின்தங்கினால், முன்னே சென்றவருக்கும் அன்றிரவு கூரை கிடையாது. பின்தங்குபவருக்காகக் காத்திருப்பது நட்பு மட்டுமல்ல, தேவையும் ஆயிற்று.

முதல் வெள்ளோட்டம்

பயிற்சி தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், 1896 ஆகஸ்ட் 6 அன்று எட்டு வீரர்களும் மாஸும் மிசூலாவுக்கு வடக்கே மிஷன் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள மெக்டொனால்ட் ஏரிக்குப் புறப்பட்டனர். பனியாற்றுப் பூங்காவில் இதே பெயரில் உள்ள பெரிய ஏரி வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. போகவர 126 மைல் (சுமார் 203 கி.மீ.). நான்கு நாள் பயணம்.

மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறானது. சேறு டயரிலும் சட்டத்திலும் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் செய்தது. அதைச் சுரண்டிச் சுரண்டி முன்னேற வேண்டியிருந்தது. ஓடைகளில் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். பஞ்சர்களும் தளர்ந்த பெடல்களும் பல முறை நிறுத்தின. ஆனாலும் மொத்தத் தொலைவையும் சுமார் 24 மணி நேரச் சவாரியில் முடித்துவிட்டனர்.

வெள்ளோட்டம் என்ற வகையில் இந்த மழை நல்வாய்ப்பு என்றே கொள்ள வேண்டும். கோட்டைக்கு 60 மைலுக்குள் இருக்கும்போதே பாதை காட்டக்கூடிய மோசமான முகத்தைப் பார்த்துவிட்டார்கள். எது உடைகிறது, எது தேவையில்லாமல் சுமக்கப்பட்டது, எந்தக் கட்டு அவிழ்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 9 அன்று திரும்பியவர்களுக்குக் கிடைத்த இடைவெளி ஆறே நாள்.

யெல்லோஸ்டோன்

ஆகஸ்ட் 15 அன்று பிரிவு மீண்டும் புறப்பட்டது. இம்முறை இலக்கு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. போகவர ஏறத்தாழ 800 மைல் (சுமார் 1,290 கி.மீ.). வழியில் ராக்கி மலையின் முதுகெலும்பைக் கடக்க வேண்டும். ஒருபுறம் பெய்யும் மழை பசிபிக் பெருங்கடலுக்கும் மறுபுறம் பெய்வது மெக்சிகோ வளைகுடாவுக்கும் வழிந்தோடும் பிரிநிலை அது. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள முல்லன் கணவாய் வழியாக அவர்கள் அதைத் தாண்டி ஹெலெனாவை அடைந்து, அங்கிருந்து போஸ்மன், லிவிங்ஸ்டன் வழியாகப் பூங்காவுக்குச் சென்றனர். வெந்நீர் ஊற்றுகளையும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கொதிநீர்ப் பீச்சியையும் சுற்றிப் பார்த்தனர். குதிரைவண்டிகளில் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு, துப்பாக்கியுடன் மிதிவண்டியில் வரும் படைவீரர்கள் பூங்காவின் மற்றொரு வேடிக்கை ஆயினர்.

பூங்காவின் ஒளிப்படக்காரரான எஃப். ஜே ஹேன்ஸ் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. மாமத் வெந்நீர் ஊற்றின் வெண்ணிறப் படிக்கட்டுகள் போன்ற மினர்வா பாறைத்தளத்தில், வண்டியுடன் வீரர்கள் நிற்கும் படம் அவற்றுள் புகழ்பெற்றது. மிதிவண்டி ஏற முடியாத இடத்தில் மிதிவண்டியை நிறுத்தி எடுத்த படம் என்பதால் அதை ஒரு காட்சி அலங்காரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஹேண்டில்பாரில் கட்டிய சுருளும் சட்டத்துக்குள் பொருந்திய பெட்டியும் தெளிவாகத் தெரியும் ஆவணமும் அதுவே.

நெடும்பயணம்

அடுத்த ஆண்டு செயின்ட் லூயி வரை செல்ல மாஸ் அனுமதி பெற்றார். மலை, பனி, மழை, சமவெளி, மணல், வெயில் எல்லாம் ஒரே பாதையில் அமையும் என்பதே அந்த வழியைத் தேர்ந்ததற்குக் காரணம். நாற்பதுக்கும் மேற்பட்டோர் விருப்பம் தெரிவித்தனர். 20 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முந்திய ஆண்டில் சென்றவர்கள் சிலரும் இவர்களுள் இருந்தனர். மூத்தவரான சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸுக்கு வயது 39. மருத்துவர் ஜேம்ஸ் கென்னடியும், மிசூலா செய்தித்தாளின் 19 வயது நிருபர் எட்வர்ட் பூஸும் உடன் சென்றனர்.

முந்திய கோடையின் பாடங்கள் ஒவ்வொன்றும் புதிய வண்டியில் தெரிந்தன. ஸ்பால்டிங் நிறுவனம் இப்போது எஃகு ரிம்மும் வலுப்படுத்திய முன்கவையும் சேற்றிலிருந்து சங்கிலியைக் காக்கும் உறையும் கொண்ட வண்டிகளைத் தந்தது. வெறும் வண்டி சுமார் 32 பவுண்டு (14.5 கிலோ), சுமையுடன் சராசரி 59 பவுண்டு (ஏறத்தாழ 27 கிலோ). இதைத் தவிர ஒவ்வொரு வீரரும் 10 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியையும் 50 தோட்டாக்களையும் உடலில் சுமந்தார். உணவை முழுவதும் சுமக்காமல் இரண்டு நாளுக்கானதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ நூறு மைலுக்கு ஒன்றாகத் தெரிந்தெடுத்த ஊர்களுக்கு மீதியை இரயிலில் முன்கூட்டியே அனுப்பினர். பன்றி இறைச்சி, டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, அவரை, மாவு, காப்பி, சர்க்கரை ஆகியவை பட்டியலில் இருந்தன.

1897 ஜூன் 14 அன்று பயணம் தொடங்கியது. முல்லன் கணவாயில் ஜூன் மாதத்திலும் பனி பெய்தது. அதற்கப்பால் மழை. கரிசல் சேறு போன்ற பசைமண் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டபோது, பாதையை விட்டு இருப்புப்பாதையின் குறுக்குக் கட்டைகளின்மேல் வண்டியை ஓட்டினர். ஓட்ட முடியாதபோது தள்ளினர். ஒவ்வொரு கட்டையும் ஒரு குலுக்கல். இருப்பினும் மொன்டானாவை அவர்கள் கடந்த விதத்தில் தடுமாற்றம் இல்லை. சேறும் கணவாயும் அவர்களுக்குப் புதியவை அல்ல.

புதியதாக வந்தது தண்ணீர். வயோமிங் தொடங்கி நெப்ராஸ்கா வரை பல இடங்களில் கிடைத்த நீர் காரத்தன்மை உடையது. அதைக் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கும் சோர்வும் ஏற்பட்டன. மாஸே நோயுற்றுச் சில நாள் பின்தங்க நேர்ந்தது. அந்நாள்களில் மருத்துவர் கென்னடி பிரிவை நடத்திச் சென்றார். நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் 170 மைலைக் (சுமார் 274 கி.மீ.) கடக்க நான்கரை நாள் பிடித்தது. வெப்பம் 110 பாரன்ஹீட் (43 செல்சியஸ்) வரை சென்றது. கணுக்கால் புதையும் மணலில் சக்கரம் உருளவில்லை. மீண்டும் இருப்புப்பாதைக் கட்டைகளே கைகொடுத்தன. 1896ஆம் ஆண்டின் பயணங்கள் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் நடந்தவை. நல்ல நீர் எங்கும் ஓடிய நிலம் அது. குடிநீரை எடுத்துச்செல்லும் சிக்கல் அங்கே எழவே இல்லை. உணவுக்கு நூறு மைலுக்கு ஓர் ஏற்பாடு செய்தவர்கள் நீருக்கு அப்படி ஓர் ஏற்பாடு செய்யாமல் போனதன் காரணம் இதுவே. ஆயத்தம் எந்த நிலத்தில் நடந்ததோ அந்த நிலத்தின் எல்லைவரைதான் அது காப்பாற்றியது.

ஜூலை 24 அன்று செயின்ட் லூயியை அடைந்தனர். 41 நாள்களில் 34 நாள் மட்டுமே சவாரி நாள்கள், சவாரி நாளுக்குச் சராசரி 56 மைல் (90 கி.மீ.). உள்ளூர் மிதிவண்டிக் கழகத்தினர் எதிர்கொண்டு அழைத்துச் சென்றனர். ஃபாரஸ்ட் பூங்காவில் அவர்கள் தங்கிய கூடாரங்களைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

அதன் பின்

மேலும் பயணம் செய்ய மாஸ் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. வீரர்கள் இரயிலில் மிசூலா திரும்பினர். இரவல் வண்டிகள் நிறுவனத்துக்குத் திரும்பின. 1898இல் சான் பிரான்சிஸ்கோ வரை செல்லும் திட்டமும் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஸ்பெயினுடன் போர் மூண்டு 25ஆவது காலாட்படை கியூபாவுக்கு அனுப்பப்பட்டது. மிதிவண்டிப் பிரிவு மீண்டும் கூட்டப்படவே இல்லை.

இப்பயணங்களைப் பற்றி இன்று கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி மாஸின் அறிக்கைகளும் பூஸின் செய்திக் கட்டுரைகளுமே. மைல் கணக்கும் சுமைக் கணக்கும் அவற்றில் நுணுக்கமாக உள்ளன. வண்டியைச் சுமந்தவர்களோ அவற்றில் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே வருகின்றனர். இதனால் இந்த முயற்சி மாஸ் ஒருவரின் சாதனையாக நீண்ட காலம் எழுதப்பட்டது. திட்டம் அவருடையது என்பதில் ஐயமில்லை. இறுதிவரை பெரும்பாலும் அதே கால்களும் அதே கைகளும் நிலைத்து நின்றதில் வீரர்களின் ஒழுங்குக்கும் திறமைக்கும் உரிய பங்கு பிற்காலத்தில்தான் பேசப்படலாயிற்று.

மாஸ் பின்னர் படைத்துறைக் கையேடுகள் பல எழுதிப் பெயர் பெற்றார். மிங்கோ சாண்டர்ஸின் கதை வேறு. 1906 ஆகஸ்ட் மாதம் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் ஓர் இரவு நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு 25ஆவது காலாட்படையினர் மீது பழி சுமத்தப்பட்டது. நீதிமன்ற விசாரணை எதுவும் இன்றி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் 167 வீரர்கள் படையிலிருந்து நீக்கப்பட்டனர். கால் நூற்றாண்டு பணியாற்றி ஓய்வூதியத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். 1972இல் அந்த ஆணை தவறென ஏற்கப்பட்டு நீக்கம் திரும்பப் பெறப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை.

மிசூலா நகரம் இன்று நெடுந்தூர மிதிவண்டிப் பயணிகளுக்கு நன்கு தெரிந்த பெயர். கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ராக்கி மலையின் பிரிநிலையை ஒட்டிச் செல்லும் மண்பாதைத் தடம், அந்நகரில் உள்ள ஒரு பயணிகள் அமைப்பால் 1997இல் வகுத்து முடிக்கப்பட்டது. 25ஆவது காலாட்படையினர் செயின்ட் லூயிக்குச் சென்று சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டு வீரர்கள் முல்லன் கணவாயைக் கடந்து இறங்கிய அதே ஹெலெனா நகரின் வழியாக அத்தடமும் செல்கிறது.